பொய் சொல்லாத சென்சர்

"மாத்தினன், மாத்தினன் எண்டுறாய். மாத்தினதெண்டால் பிறகேன்—"

"அண்ணை, நான் சொல்லுறதை ஒருக்கா—"

"பிறகேன் மாப்பிள்ளையோடை நடுறோட்டிலை நிண்டது?"

"ஒருக்காக் கேளுங்கோவன். பெற்றோல் தாங்கியைக் கழட்டிப் பார்க்க வேணும் எண்டு போன முறையே—"

"முதல் முறை ஒரு சென்சர். போன முறை இன்னொரு சென்சர். இப்ப தாங்கி. அடுத்த முறை என்ன, என்ரை தலையைக் கழட்டிப் பார்ப்பியோ?"

"உள்ளுக்கை ஏதும் இருந்தால் எல்லோ கழட்டுறது!"

வேறொரு நாளென்றால் கொன்ஸ்ரன்ரைன் இதற்குக் கைகொட்டிச் சிரித்திருப்பார். மன்னார் ரவுணில் இருக்கும் அஸ்மியின் கராச்சுக்கு அவர் வருவதே பாதி கார் திருத்த, பாதி இப்படி வாய் கொடுத்து வாய் வாங்க. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் தாழ்வுபாட்டிலிருந்து அரிப்புக் கோயிலுக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன அவருடைய வாடகைக் கார், பாலம் தாண்டி, வங்காலையும் தாண்டி, ஆளில்லா வெட்டையில் இருமி இருமி நின்றுவிட்டது. பொம்பிளை கோயில் வாசலில் காத்து நிற்க, மாப்பிள்ளை மீன்பெட்டி ஏற்றி வந்த லான்ட்மாஸ்ரர் உழவு மெஷினில் போய் இறங்கினார். காரைக் கயிறு கட்டி இழுத்துத்தான் கராச்சுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"கோட்டும் சூட்டுமாய் மீன்பெட்டிக்கு மேலை குந்திக்கொண்டு போனான் அந்தப் பிள்ளை. படம் எடுத்துப் போனிலை போட்டிட்டாங்கள். இனி ஆர் என்னைக் கலியாணத்துக்குக் கூப்பிடுவினம்?"

"எனக்கும் கவலை தான் அண்ணை. ஆனால் ஸ்கானர் என்ன சொல்லுது எண்டால்—"

"உன்ரை ஸ்கானரைக் கொண்டுபோய்க் கடலிலை போடு!"

அஸ்மி கையிலிருந்த ஸ்கானரைப் பார்த்தான். காரின் ஸ்ரேறிங்குக்குக் கீழே செருகியிருந்த அதன் வயர் அவன் விரலில் சுற்றிக் கிடந்தது. நாற்பது வயது மனிதன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"முதல் முறை ஸ்கானர் என்ன காட்டினது? எஞ்சினுக்குக் காத்துக் கூடிப்போச்சு, பெற்றோல் காணாது எண்டு ஒட்சிசன் சென்சர் சொல்லுது எண்டு. நான் சென்சர் தான் பிழை எண்டு நினைச்சு மாத்தினன். ஓடினது. பிறகு திரும்ப அதே வருத்தம். காத்துச் சென்சரைக் கழட்டிக் கழுவிப் பூட்டினன். ஓடினது. இப்பவும் அதே கதையைத் தான் சொல்லுது. அப்ப சென்சர் பொய் சொல்லேல்லை அண்ணை. மெய்யாவே எஞ்சினுக்குப் பெற்றோல் வந்து சேரேல்லை. அதுதான் கேக்கிறன், பெற்றோலைத் தவிர வேறை ஏதும் தாங்கிக்குள்ளை விடுறியளோ? மண்ணெண்ணெய் ஏதும்?"

"அப்ப முதல் மாத்தினது வீண் எண்டு உன்ரை வாயாலையே சொல்லிப்போட்டாய்!"

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

"மாதாவாணை, பெற்றோலைத் தவிர ஒரு துளி வேறை விடேல்லை. விளங்கிச்சோ?"

காரின் முன் சீற்றில் அவருடைய மனைவி செலீனா, கலியாண வீட்டுச் சேலையோடு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். வெயில் சேலையின் சரிகையில் சுட்டது. எதிரே திருத்த விட்ட வானுக்குப் பக்கத்தில், அவரோடு வாடகை வண்டி ஸ்ராண்டில் நிற்கும் சாரதிகள் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் கொன்ஸ்ரன்ரைனுக்குக் குரல் ஒரு முழம் உயரும்.

"நீ என்ரை நல்ல சென்சரைக் கழட்டி எடுத்துக்கொண்டு பழசைப் போட்டிருக்கிறாய். இதெல்லாம் ஆரட்டைப் படிச்சனீ? புத்தளத்திலையோ? அங்கையே இருந்திருக்கலாமே! ஆர் உங்களைத் திரும்பி வரச் சொன்னது?"

நாலு பேரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை. பழகிய இடத்தில் ஒரு சொல் விழுந்தால் பழக்கத்தில் வருகிற சிரிப்பு.

அஸ்மி வயரைப் பிடுங்கினான். அதை மெதுவாகச் சுற்றினான். பொனற்றை இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினான்.

"காரை எடுத்துக்கொண்டு போங்கோ அண்ணை."

"எப்பிடி எடுக்கிறது? செத்துக் கிடக்கு!"

"இப்ப ஸ்ராட் ஆகும். நிண்டு ஆறிப்போச்சு."

திறப்பைத் திருப்பியதும் கார் ஒன்றுமே நடக்காதது போல உறுமியது.

"பார்த்தியோ!" என்றார் கொன்ஸ்ரன்ரைன், கராச் முழுவதுக்கும் கேட்க. "நீ கை வையாமல் விட்டாலே சுகமாகுது!"

தாழ்வுபாட்டு றோட்டில் கார் திரும்பியதும் செலீனா கேட்டாள்.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்பிடி?"

"புத்தளத்திலையே இருந்திருக்கலாம் எண்டு."

"கோவத்திலை வந்த சொல்லு. அவன் அதைப் பெரிசாய் எடுக்க மாட்டான்."

"தொண்ணூறாம் ஆண்டு இயக்கப் பொடியள் முஸ்லிம் சனத்தையெல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்ன நேரம், எருக்கலம்பிட்டியிலை இருந்து அஸ்மியின்ரை குடும்பத்தைக் கற்பிட்டிக்கு வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போனது ஆர்? நீங்கள் தானே. அஸ்மி ஆறு வயதுப் பிள்ளை, வழி முழுக்கச் சத்தி எடுத்தவன் எண்டு வந்து சொன்னனீங்கள். இரண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை நீங்கள்."

"அதுக்கு இப்ப என்ன?"

"விரும்பியே போனவை?"

"நீ அங்கை வைச்சுச் சொல்லியிருக்கலாமே! இப்ப எனக்குச் சொல்லி என்ன?"

உண்மையில் அவள் அங்கே வைத்துச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த கிழமை முழுக்கக் கொன்ஸ்ரன்ரைன் ஸ்ராண்டில் ஒரே கதையைத் தான் சொன்னார்: அஸ்மி நல்ல சாமானைக் கழட்டி எடுத்துப் பழசைப் பூட்டுகிறான். அந்தக் கதை அவருடைய காரைவிட நன்றாக ஓடியது, எங்கேயும் நிற்கவில்லை. கார்தான் மறுபடியும் நின்றது, இம்முறை வீட்டுப் படலைக்கு வெளியே.

செலீனாவின் தம்பி வின்சன்ட் வள்ள எஞ்சின் திருத்துகிறவன். "கார் எனக்குச் சரிவராது அத்தான்" என்று சொல்லிப் பார்த்தான்; விடவில்லை. கடைசியில் முற்றத்தில் மல்லாக்கப் படுத்துத் தாங்கியைக் கழற்றி இறக்கினான். அதிலிருந்ததை வெள்ளைப் பேசின் ஒன்றில் சாய்த்தான்.

"அக்கா, இஞ்சை வந்து பாருங்கோ கூத்தை."

பேசினில் மேலே பெற்றோல். அதற்குக் கீழே, கலக்காமல், தண்ணீர். அதற்கும் கீழே சிவப்பாக மண், தேத்தண்ணிக் கோப்பையின் அடிமண்டி போல.

"தாங்கிக்குள்ளை ஒரு பம்ப் இருக்கு. அதின்ரை நுனியிலை இந்த வடி. பாருங்கோ, மண் வடியை அப்படியே மூடிப்போட்டுது. கார் ஓட ஓட மண் வந்து ஒட்டும், பெற்றோல் ஏறாது, நிக்கும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மண் கழண்டு அடியிலை படியும், திரும்ப ஓடும். ஸ்கானர் என்ன, ஆரையும் பேய்க்காட்டும் இது."

கொன்ஸ்ரன்ரைன் குந்தி இருந்து விரலால் மண்ணைத் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சிவத்த மண்."

"ஓம் அத்தான்."

"தாழ்வுபாட்டிலை சிவத்த மண் எங்கை கிடக்கு? இஞ்சை தோண்டினால் வெள்ளை மணல், இல்லாட்டிச் சிப்பி. ஆனால் அஸ்மியின்ரை கராச் முத்தத்திலை போன மாசம் லொறியிலை கிறவல் கொண்டந்து பறிச்சவன். நல்ல சிவத்த கிறவல்!"

"விசர்க் கதை கதையாதையுங்கோ. அவன் ஏன் இதுக்குள்ளை கிறவல் போடுறான்?"

"ஏனோ? திரும்பத் திரும்ப என்னை அவனட்டை வரப் பண்ண! எடு அந்தப் பேசினை. இப்பிடியே பொலிசுக்குக் கொண்டுபோறன். செலீனா, என்ரை சேட்டைக் கொண்டா!"

செலீனா சேட்டு எடுக்கப் போகவில்லை. பேசினுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"அது கிறவல் இல்லை."

"உனக்கென்ன தெரியும் கிறவலைப் பற்றி?"

"மடு மண்."

இரண்டு ஆண்களும் நிமிர்ந்தார்கள்.

"நான் தான் விட்டனான்" என்றாள் செலீனா.

மடு மாதா கோயில் மண் அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் ஒரு சிமிழில் இருக்கும். பாம்புக்கும் பயத்துக்கும் அதுதான் முதல் மருந்து. செலீனாவின் ஐயா ஒவ்வொரு மாத முதல் வெள்ளியும் தீர்த்தத்தில் ஒரு சிட்டிகை மடு மண் கரைத்து வள்ளத்தின் முன்நுனி அணியத்தில் ஊற்றிவிட்டுத்தான் கடலுக்குப் போவார். வின்சன்டும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தான்.

"முருங்கனிலை மாட்டோடை அடிபட்டனீங்களே, அதுக்குப் பிறகு எனக்குப் பயம். ஒவ்வொரு முதல் வெள்ளியும் நீங்கள் பூசைக்கு வெளிக்கிட முதல் கொஞ்சம், கொஞ்சமாய்..."

"தாங்கிக்குள்ளையோ? ஏனடி தாங்கிக்குள்ளை?"

"காருக்கு அணியம் எது எண்டு எனக்குத் தெரியுமே? எஞ்சினிலை விட்டால் கறண்ட் அடிக்கும் எண்டு பயந்தனான். பெற்றோல் விடுற வாய் தானே அதுக்குச் சாப்பாட்டு வாய். சாப்பாட்டோடை மருந்து போகட்டும் எண்டு..."

வின்சன்ட் பேசினைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பினான். அவன் முதுகு குலுங்கியது.

"சிரியாதை!" என்றார் கொன்ஸ்ரன்ரைன். பிறகு அவருக்கும் வாயோரம் துடித்தது. துடித்த வாய் அப்படியே நின்றது. கவிழ்ந்து கிடந்த வாளியில் அவர் இருந்தார்.

"அஸ்மி கேட்டவன். வேறை ஏதும் விடுறியளோ எண்டு வாய் திறந்து கேட்டவன். நான் மாதாவாணை எண்டு சத்தியம் பண்ணினனான்."

"நான் பக்கத்திலை தானே இருந்தனான். தீர்த்தத்தை 'வேறை ஏதும்' எண்டு ஆரப்பா நினைக்கும்? மண்ணெண்ணெயோ எண்டு கேட்டவன். இல்லைத் தானே எண்டு பேசாமல் இருந்திட்டன்."

சோளகக் காற்று முற்றத்து மணலை அள்ளி மூவர் முகத்திலும் போட்டது.

"சரி. கழுவிப் பூட்டு வின்சன்ட்" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "இந்தக் கதை படலைக்கு வெளியிலை போகக் கூடாது. ஸ்ராண்டிலை தெரிஞ்சால் என்னைத் 'தீர்த்தக்கார்' எண்டு தான் கூப்பிடுவாங்கள்."

"அஸ்மிக்குச் சொல்ல வேணும்."

"சொல்லுவம்."

"எப்ப?"

"பிறகு."

கார் அதன்பின் பூனை மாதிரி ஓடியது. தலைமன்னாருக்குப் போனது, மடுவுக்கே போய்வந்தது. சென்சர் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. ரவுணுக்குப் போனால் மட்டும் கொன்ஸ்ரன்ரைன் அஸ்மியின் கராச் வாசலைத் தாண்டாமல் பின்தெருவால் சுற்றி ஸ்ராண்டுக்குப் போனார். செலீனா கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் இருந்தது. கோயில் பெருநாள் முடியட்டும். சோளகம் அடங்கட்டும். அவனுக்கும் கோபம் ஆறட்டும்.

சோளகம் அடங்கிய ஒரு காலையில் வின்சன்ட் மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"அஸ்மி கராச்சை மூடுறானாம் அக்கா. புத்தளத்திலை மச்சான்ரை கராச்சோடை சேரப் போறானாம். ஸ்ராண்ட் வான் ஒண்டும் இப்ப அவனட்டைப் போறேல்லைத் தானே. அவன்ரை மனுசி சித்தி மரியமும் பிள்ளையளும் போன கிழமையே போயிட்டினம்."

செலீனா மீனை அப்படியே சட்டியில் போட்டு மூடினாள். அறைக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கொன்ஸ்ரன்ரைன் கதிரையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிற மாதிரி இருந்தார்.

"நான் பஸ்ஸிலை போறன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ."

"எங்கை?"

அவள் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

கராச்சுக்கு முன்னால் ஒரு சின்ன லொறி நின்றது. அஸ்மி ஸ்பானர் சாவிகளை அளவு வாரியாகப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கோ அக்கா. இருக்கக் கதிரை இல்லை, லொறியிலை ஏத்திப்போட்டன்."

"நிக்கிறன் தம்பி. உமக்கொண்டு சொல்ல வேணும். தாங்கிக்குள்ளை தண்ணியும் மண்ணும் இருந்தது. நான் விட்ட தீர்த்தமும் மடு மண்ணும்."

அஸ்மியின் கை துணியில் நின்றது. பிறகு அவன் சிரிக்கத் தொடங்கினான். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"மடு மண்ணோ! அக்கா, எங்கடை உம்மாவும் அலுமாரிக்குள்ளை வைச்சிருந்தவ. பாம்பு எண்டால் எருக்கலம்பிட்டியிலையும் அதைத் தான் தேடுவினம். ஆனால் பெற்றோலுக்குள்ளை... யா அல்லாஹ்!"

"சிரியும். நல்லாய்ச் சிரியும். நான் அண்டைக்கே சொல்லியிருந்தால்—"

"நானும் பிழை தான் அக்கா. சென்சர் திரும்பத் திரும்பப் பெற்றோல் காணாது எண்டு சொல்லுது. நான் அது சொல்லுறதைக் கேளாமல் சொன்ன சென்சரையே கழட்டி எறிஞ்சனான். ரெண்டு நாள் கராச்சிலை நிண்டதாலை மண் படிஞ்சு ஓடியிருக்கு. நான் மாத்தினதாலை சுகம் வந்தது எண்டு நினைச்சிட்டன். முதல் நாளே தாங்கியை இறக்கியிருக்க வேணும்."

"அப்ப கராச்சை மூடாதையும். இவர் ஸ்ராண்டிலை வந்து எல்லாருக்கும் சொல்லுவார். நான் சொல்லப் பண்ணுறன்."

அஸ்மி சிரிப்பை முடித்துவிட்டு முகத்தைத் துடைத்தான்.

"சாமான் மாத்தினன் எண்டு சொன்னதுக்காக மட்டும் எண்டால் நான் இருந்திருப்பன் அக்கா. தொழிலிலை அதெல்லாம் கேட்டுப் பழக்கம். மற்றச் சொல்லு, அந்தப் புத்தளக் கதை... அதைக் கூட அண்ணை கோவத்திலை சொன்னது எண்டு விட்டிருப்பன். நாலு பேர் சிரிச்சவை. நாலு பேரும் என்னோடை ஒரு கோப்பையிலை தேத்தண்ணி குடிச்ச ஆக்கள். அண்டைக்கு வீட்டை போய் சித்தி மரியத்துக்குச் சொன்னன். 'அப்பிடிச் சொல்லாதை எண்டு ஒராளும் சொல்லேல்லையோ?' எண்டு கேட்டா."

செலீனா கீழே பார்த்தாள். முற்றத்துக் கிறவல் லொறிச் சில்லில் நசிந்து கிடந்தது.

"நான் சிரிக்கேல்லைத் தம்பி."

"இல்லை அக்கா, நீங்கள் சிரிக்கேல்லை."

அவன் அடுத்த சாவியை எடுத்துத் துணியில் சுற்றினான்; சொல்லாமல் விட்டது இருவருக்கும் விளங்கியது.

வெளியே கார் வந்து நின்றது. கொன்ஸ்ரன்ரைன் எஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். பிறகு இறங்கினார். வீட்டுச் சாரத்தோடுதான் வந்திருந்தார்.

"எஞ்சின் சத்தம் எப்பிடி?"

அஸ்மி தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"நல்லாய் இருக்கு அண்ணை. வின்சன்ட் நல்லாய்ச் செய்திருக்கிறார்."

"அவனுக்கென்ன தெரியும், வள்ளக்காரன்! நீ சொன்னதைத் தான் செய்தவன். தாங்கியை இறக்கு எண்டு நீ தானே சொன்னனீ." கொன்ஸ்ரன்ரைன் தெருப் பக்கம் திரும்பினார். ஸ்ராண்டில் இரண்டு வான்கள் நின்றன. அவர் கையை வாயில் குவித்தார். "டேய்! அஸ்மி மாத்தின சென்சர் நல்ல சென்சர்! பிழை என்ரை தாங்கியிலை! என்ரை வீட்டிலை! கேட்டுதோ?"

"ஏன் அண்ணை, தாங்கிக்குள்ளை மீனோ?" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பும் வந்தது.

கொன்ஸ்ரன்ரைன் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு அஸ்மியைப் பார்த்தார், இப்போது சரிதானே என்பது போல.

"அது சென்சர் கதை மட்டும் அண்ணை" என்றான் அஸ்மி. மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் காத்து நின்றான்.

செலீனா கணவரின் வாயையே பார்த்தாள். அது திறந்தது, மூடியது. வள்ளம் ஓட்டிய மனிதர். பேய்க்காற்றில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்தக் கூடியவர். சாரத்தின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். காரின் பொனற்றில் இல்லாத தூசியைத் தட்டினார்.

அஸ்மி கடைசிச் சாவியைத் துணியில் சுற்றினான். பெட்டியை மூடித் தூக்கி லொறியில் வைத்தான். செலீனாவுக்கு, "வாறன் அக்கா" என்றான். சாரதிக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

லொறி அசையும்போதுதான் கொன்ஸ்ரன்ரைன் இரண்டு எட்டு வைத்து அதன் கதவைப் பிடித்தார்.

"அஸ்மி, நீ போனால் நான் இஞ்சை ஆரோடையடா சண்டை பிடிக்கிறது?"